சுள்ளி பொறுக்கிய விருந்தாளி



பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பெற்றோர், இந்நாள்களில் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போகவேண்டும் சாமி. கூட்டமில்லாத, அமைதியான இடமாய்ச் சொல்லுங்கள்.”

கேள்வி நியாயமானதே. ஆண்டு முழுவதும் கரும்புக் கொல்லையிலும் மரவள்ளிக் காட்டிலும் கடைத்தெருவிலும் உழைத்துக் களைத்த குடும்பம், மூன்று நாள் ஒன்றாக இருந்து மனமகிழ விரும்புவதில் குறையேதுமில்லை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் தொகை பெருகிப்போய், 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, இ-பாஸ் பெற்ற பின்னரே வெளியூர் வண்டிகள் அம்மலைகளில் ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே மக்களின் நாட்டம் சந்தடி குறைந்த இடங்களின்பால் திரும்பியிருக்கிறது. நம் கல்வராயன் மலைக்கு ஞாயிறுதோறும் வரும் வண்டிகளே இதற்குச் சான்று.

எங்கே செல்வது என்பதைப் பற்றி இம்மடலில் நாம் எழுதப்போவதில்லை. சென்ற இடத்தில் முதல் நாளை எப்படிக் கழிப்பது என்பதே நாம் சிந்திக்க விரும்புவது. ஏனெனில் ஓரிடத்தில் நாம் பார்வையாளராகத் தங்கிவிடுகிறோமா, விருந்தாளியாக மாறுகிறோமா என்பது பெரும்பாலும் அந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

திருத்தூதர் பணி நூலின் இறுதி அதிகாரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். நம் முன்னோர் புனித சின்னப்பர் என்று வாயார அழைத்த பவுலடியார், கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். பதினான்கு நாள் புயலில் அலைக்கழிந்த கப்பல் உடைகிறது. அதிலிருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் ஒரு தீவில் கரையேறுகின்றனர். அது மால்தாத் தீவு. மழையும் குளிருமாயிருந்த அந்நாளில், முன்பின் அறியாத அத்தீவு மக்கள் அவர்களுக்காகத் தீ மூட்டி வரவேற்றார்கள் என்று புனித லூக்கா பதிவு செய்கிறார்.

அடுத்து நடந்ததை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பவுலைப் பாம்பு கடித்ததும், அவர் அதைத் தீயில் உதறியதும் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அப்பாம்பு எங்கிருந்து வந்தது? அவர் பொறுக்கி வந்து தீயிலிட்ட சுள்ளிக் கட்டிலிருந்து. நனைந்து நடுங்கி வந்தவர், கைதி, வயதிலும் முதிர்ந்தவர். குளிர்காய்ந்துகொண்டு சும்மா அமர்ந்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். எனினும் தமக்காகப் பிறர் மூட்டிய தீ அணையாதிருக்கத் தாமும் சுள்ளி பொறுக்கினார். அத்தீவில் அவர் போதித்த முதல் மறையுரை அதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு தீவுக்குச் சென்று திரும்பிய நம் பங்குக் குடும்பம் ஒன்றின் முதல் நாளை இனிச் சொல்வோம். அவர்களின் இசைவு பெற்றே எழுதுகிறோம்; பெயர் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையில், கோமுகி அணைக்கு அண்மையில், சிறு தேநீர்க் கடை நடத்தும் குடும்பம். தந்தை, தாய், செவிலியர் பயிற்சி முடித்த மகள், பள்ளியில் படிக்கும் மகன். கடலையே கண்டிராத தாய்க்குக் கடலைக் காட்டவேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. அவளோடு பயிற்சி பெற்ற தோழியின் வீடு, இராமேசுவரம் தீவில் பாம்பனுக்கு அருகே ஒரு மீனவர் குடியிருப்பில் இருக்கிறது. “விடுதி எதற்கு? எங்கள் வீட்டில் தங்குங்கள்” என்று தோழி அழைக்க, நால்வரும் புறப்பட்டனர்.

இரவு முழுவதும் பேருந்துப் பயணம். திருச்சிராப்பள்ளியில் காவிரியைக் கடக்கையில் தாயைத் தவிர மற்ற மூவரும் உறங்கிப்போயிருந்தனர். விடியற்காலையில் மண்டபத்தைத் தாண்டியதும் இருபுறமும் கடல் விரிந்தது. 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மீது பேருந்து சென்றபோது, 1914-ஆம் ஆண்டின் பழைய இரயில் பாலத்தையும், 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தையும் மகன் விரல் நீட்டிக் காட்டினான். தாயோ பாலத்தைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு மறுகரை தெரியாததைக் கண்டு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

தீவு அவர்களுக்குப் பேரமைதியாகத் தோன்றிற்று. விசைப்படகுகள் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. கரையில் ஆரவாரமில்லை, ஏலக் குரல் இல்லை, தென்னை மரங்களினூடே காற்றின் ஓசை மட்டும். “என்ன அமைதி! இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே” என்று தந்தை வியந்துரைத்தார். தோழியின் தகப்பனார் சிரித்துக்கொண்டாரேயன்றி மறுமொழி கூறவில்லை. மீன்கள் இனம்பெருகும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. வந்தவர் வியந்த அமைதி, அவ்வீட்டுக்கு வருவாயற்ற காலம். அரசு தரும் நிவாரணத் தொகையை எண்ணி எண்ணிச் செலவிடும் காலம்.

பயணக் களைப்புத் தீரப் பிள்ளைகள் இருவரும் குளித்தார்கள். ஓடையும் கிணறுமாக மலையடிவாரத்தில் வளர்ந்தவர்கள் அல்லவா? வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார்கள். தாயும் துணிகளை அலசிப் போட்டார். முற்றத்துப் பெரிய தொட்டி பாதிக்கு மேல் வற்றிவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பிற்பகலில் தள்ளுவண்டியில் குடங்கள் வந்து இறங்கியதையும், தோழியின் தாயார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எண்ணிக் கொடுத்ததையும் கண்ட பிறகே விருந்தினருக்கு உறைத்தது. குழாயில் குடிநீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விடியுமுன் சிறிது நேரம். அந்த நீரும் இராமநாதபுரம் மாவட்டத்துக்கெனத் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலிருந்து குழாய்களில் கொண்டுவரப்படும் காவிரி நீர். முந்திய இரவு தாங்கள் கடந்து வந்த ஆறே, இத்தனை தொலைவு நடந்து ஒரு குடத்தில் வந்து நிற்கிறது!

“முன்பே சொல்லியிருக்கலாமே அக்கா” என்று இவர் மனம் நொந்து கேட்டார். “வந்த சனத்துகிட்ட தண்ணியை அளந்து ஊத்துங்கன்னு சொன்னா, அது ஒரு வீடா தங்கச்சி?” என்றார் அவ்வம்மையார். பாறையிடுக்குகளில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து எடுத்து வெடித்துப்போன விரல்கள் அவருடையவை.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், வந்தவர்களைப் பார்க்கத் திண்ணைக்கு வந்தார். எந்த ஊர் என்று வினவினார். கள்ளக்குறிச்சி என்றதும், “கள்ளச்சாராயச் சாவு நடந்ததே, அந்த ஊரா?” என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்டவரல்லர். ஆனால் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது என்று நம்மிடம் கூறினார் கடைக்காரர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் மறந்துவிடவில்லை, மறக்கவும் கூடாது. எனினும் ஒரே தெருவில் சவப்பெட்டிகள் வரிசையாக நின்றதைப் படத்தில் பார்த்தவர்களுக்கு, அத்தெருவில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், கூலி வேலை செய்து குடும்பம் காக்கும் தாய்மாரும் இருப்பது தெரியாது. நம் ஊரைத் துயரத்தின் பெயராக மட்டும் உலகம் அறிந்திருக்கிறது.

இந்த வலி ஆறாத மனத்தோடுதான் அன்று மாலை அவர் தனுஷ்கோடிக்குப் போனார்.

தனுஷ்கோடியின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில், நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்து வந்த பயணியர் இரயிலைக் கடல் விழுங்கியது. தீவிலும் சுற்றிலும் மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர். கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள் இருந்தது. நம் வீடுகளில் பிள்ளைகள் குடில் கட்டும் நேரம் அது. இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுக நகரம் ஒரே இரவில் அழிந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின், அங்கே வண்டிகள் இடையறாது செல்கின்றன. இடப்புறம் அலையடங்கிய பெண்கடல், வலப்புறம் குமுறும் ஆண்கடல் என்று வழிகாட்டிகள் சொல்ல, மக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பவளப் பாறைக் கற்களால் கட்டிய ஆலயம் ஒன்று அங்கே கூரையிழந்து நிற்கிறது. மகன் ஓடிச்சென்று, பீடம் இருந்த மேட்டில் ஏறி நின்று, “அப்பா, ஒரு படம்!” என்றான். உடன் வந்த தோழி அவனைத் தடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இடிந்த வாசலில் முழந்தாளிட்டுச் சிலுவை வரைந்தாள். “எங்கள் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கேதான்” என்றாள். அவ்வளவுதான். மகன் தானாகவே கீழே இறங்கி வந்து, செருப்பைக் கழற்றினான்.

தந்தைக்கு அப்போது திண்ணைப் பெரியவரின் கேள்வி நினைவுக்கு வந்ததாம். “நம் ஊரை அவர்கள் சாவின் பெயரால் அறிந்திருந்தார்கள். இவர்கள் ஊரை நானும் அப்படியேதானே அறிந்திருந்தேன், சாமி? இங்கே ஞானஸ்நானமும் திருமணமும் நடந்தன என்று எண்ணிப் பார்க்கவில்லையே” என்றார் நம்மிடம்.

இரவு வந்தது. மீன் குழம்பும் சோறுமாக விருந்து நடந்தது. பரிமாறியவள் அவ்வீட்டு மருமகள், இடுப்பில் கைக்குழந்தை. எல்லாரும் உண்டபின் செபமாலை. ஐந்து தேவ இரகசியங்களும் மன்றாட்டு மாலையும் முடிந்தன. விருந்தினர் எழ முற்பட்டபோது வீட்டார் எழவில்லை. இன்னும் ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம். மூன்றாவதன் நடுவில் மருமகளின் குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் அதைத் தொடர்ந்து சொல்லி முடித்தார்கள்.

மூத்த மகன் தவக்காலத் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டவர். கடலுக்கு அப்பால் சிறையிலிருக்கிறார். பகல் முழுவதும் அவ்வீட்டில் இதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. கேட்டபோது பெரியவர் சொன்னார்: “வந்த அன்னைக்கே வீட்டுப் பாரத்தை விருந்தாளி தலையில ஏத்தலாமா?”

அன்பர்களே, 2024-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு பிடிபட்ட இந்திய மீனவர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர். அக்கரையின் நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் மீனவர்கள் நம் மொழி பேசுபவர்கள். பலர் நம்மைப் போலவே செபமாலை சொல்பவர்கள். நீண்ட போருக்குப்பின் மீண்டும் கடலில் வலை விரித்தவர்கள். கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடிகளால் தங்கள் வலைகளும் மீன்வளமும் அழிவதாக அவர்கள் முறையிடுகிறார்கள். கச்சத்தீவிலுள்ள புனித அந்தோணியார் ஆலயத் திருவிழாவில் இருகரை மக்களும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கும் வழக்கம் உண்டு. 2024-ஆம் ஆண்டு, சிறைப்பட்டோரை எண்ணி இராமேசுவரத்தார் அவ்விழாவுக்குச் செல்லவில்லை. இச்சிக்கலை அவிழ்ப்பது நாடாள்வோர் கடமை. நாம் செய்யக்கூடியது, இரு கரையிலும் காத்திருக்கும் மனைவியரை ஒரே செபத்தில் நினைப்பது.

கடைக்காரர் குடும்பத்தின் முதல் நாள் அந்தச் செபத்தோடு முடிந்தது. மறுநாள் விடியுமுன், நான்கு மணிக்கு, மருமகள் குடங்களை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் புறப்பட்டபோது, பின்னால் காலடி ஓசை கேட்டதாம். கடலைக் காண வந்த தாய், ஆளுக்கொரு குடத்தோடு மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து கொண்டிருந்தார். “நீங்க விருந்தாளி அத்தே, போய்ப் படுங்க” என்று அவள் தடுத்தாள். “விருந்தெல்லாம் நேற்றோடு முடிந்தது கண்ணு, நட” என்றார் இவர். வரிசையில் நின்ற அந்த அரைமணி நேரத்தில்தான், கணவனின் பெயரையும் அவன் கடைசியாக எழுதிய கடிதத்தையும் அவள் இவரிடம் சொன்னாள். நாள் முழுவதும் வீட்டுக்குள் சொல்லாததைக் குடத்தருகே நின்று சொன்னாள். சுள்ளி பொறுக்குகிறவரிடம்தான் வீடு மனம் திறக்கிறது.

இனி நம் மலையின் பக்கம் திரும்புவோம். மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் குளித்துவிட்டுச் செல்வோர், பாறை மேல் உடைத்துப் போடும் புட்டிகளை மறுநாள் வெறுங்காலோடு மிதிப்பவர்கள் மலைவாழ் பிள்ளைகள். 1976-ஆம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் ஆட்சிக்குக் கீழிருந்த அம்மக்களின் சாமைக் கொல்லையையும் கடுக்காய் மரத்தையும் வண்டியின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, “நல்ல இடம், ஆள்களே இல்லை” என்று சொல்லிச் செல்கிறவர்கள் பலர். ஆள்கள் இருக்கிறார்கள். நாம் பார்ப்பதில்லை. இதை நன்கு அறிந்திருந்தும், நாம் ஒரு கடற்கரைக்கோ தீவுக்கோ சென்றால் அவ்வாறே நடந்துகொள்ளக் கூடாதன்றோ?

ஆகவே இவ்விடுமுறையில் பயணம் புறப்படும் பெற்றோருக்கு நம் எளிய வேண்டுகோள்கள் இவை. சென்ற இடத்தில் முதல் நாள், படம் எடுப்பதற்கு முன் ஒருவரோடேனும் பேசுங்கள். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிந்து, பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பாழடைந்த ஆலயமோ பிற சமயத்தார் கும்பிடும் இடமோ எதிர்ப்பட்டால், செருப்பைக் கழற்றும் வழக்கத்தை அவர்கள் உங்களிடம் கற்கட்டும். அவ்வூர்ப் பங்கு ஆலயத்துக்குச் சென்று அவர்களின் கருத்துக்காக ஒரு செபம் சொல்லுங்கள். வாங்கும் பொருளை அங்கு வாழ்வோரிடமே வாங்குங்கள். அற்பக் காசுக்குப் பேரம் பேசாதீர்கள். தங்கும் வீட்டில் ஒரு குடம் நீராவது தூக்குங்கள். விடுதியானால், அறையைப் பெருக்க வருபவரின் பெயரையாவது கேட்டு அழையுங்கள்.

மால்தாவில் பவுலடியார் மூன்று மாதம் தங்கினார். தம்மை விருந்தோம்பிய புப்லியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் கிடந்தபோது, அவர்மேல் கைவைத்து வேண்டிக் குணமாக்கினார். புறப்படும் நாளில் தீவினர் பயணத்துக்கு வேண்டியதையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினர். நம் கடைக்காரர் குடும்பம் திரும்பியபோதும் கையில் ஒரு பொட்டலம் இருந்தது: ஈரச் சாக்கில் சுற்றிய தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுகள். அவை இப்போது கோமுகி அணையோரம் வேர்பிடித்துவிட்டன. அவர்கள் வீட்டுச் செபமாலையில், மன்றாட்டு மாலைக்குப் பின் ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் கூடியிருக்கின்றன. சிறையிலிருப்பவர் வீடு திரும்பும் நாள்வரை அவை தொடரும் என்று அத்தாய் சொன்னார். இம்மடலை வாசிக்கும் குடும்பங்களும் இன்றிரவு அவர்களோடு சேர்ந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.